வியன்னாவுக்கு வந்த சாவி

வியன்னா விமான நிலையத்துக்கு அடியில் இருக்கும் ரயில் நிலையத்தில், டிக்கெட் இயந்திரத்துக்கு முன்னால் நின்று சில்லறைக்காகப் பர்ஸைக் குடைந்தபோதுதான் அந்தச் சாவி கையில் வந்தது. சுண்டுவிரல் நீளத்துப் பித்தளைச் சாவி. தலையில் சிவப்புப் பிளாஸ்டிக். அதைப் பார்த்ததும் சில்லறை எடுக்க வந்ததே மறந்துவிட்டது.

"இன்னாங்க, மெஷினைப் பாத்துக்கினே நிக்கிறீங்க? பின்னால ஆளுங்க கீறாங்க" என்றாள் மனைவி. இரண்டு பெட்டிகளையும் அவள்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். பதினான்கு வயது மகள் எங்கள் இருவரையும் பொருட்படுத்தாமல், கூரையைக்கூட விடாமல் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் சாவியைப் பர்ஸின் அடியில் தள்ளிவிட்டு, இயந்திரத்தில் கண்ட பொத்தானை எல்லாம் அழுத்தினேன்.

அது என்ன சாவி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் மெயின்டனன்ஸ் ஆள். அங்கே ரோபோ வெல்டிங் செய்யும் கம்பிக் கூண்டு ஒன்று இருக்கிறது. பழுதுபார்க்க அதற்குள் யார் போனாலும், முதலில் வெளியே பேனலில் விசையைத் திருப்பிக் கரண்டை நிறுத்தி, அந்த விசையில் தன் சொந்தப் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பூட்டோடு அவன் புகைப்படம் ஒட்டிய அட்டை தொங்கும். இந்த ஆள் உள்ளே இருக்கிறான், கரண்டைப் போட்டுக் கொன்றுவிடாதே என்று அதற்கு அர்த்தம். பூட்டியவன்தான் திறக்க வேண்டும். மேலாளரே வந்தாலும், ஆள் உள்ளே இல்லை என்று படிவத்தில் கையெழுத்துப் போடாமல் தொடக்கூடாது. அந்தப் பூட்டில் ஒரு விசேஷம், திறந்திருக்கும்போது அதிலிருந்து சாவியை உருவ முடியாது. பூட்டினால்தான் சாவி வெளியே வரும். சாவி என் பர்ஸில் இருக்கிறதென்றால், என் முகம் போட்ட அட்டையோடு பூட்டு அங்கே ஒரகடத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

எப்படி மறந்தேன் என்பதும் உடனே நினைவுக்கு வந்துவிட்டது. சனிக்கிழமையே எனக்கு லீவு. ஞாயிறு விடியற்காலை விமானம். சனி காலையில் போன் வந்தது, கூண்டில் சென்சார் வேலை செய்யவில்லை, ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று. மனைவி முறைத்தாள். நான் போகாவிட்டால் தொழிற்சாலையே படுத்துவிடும் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு; போனேன். சென்சாரை மாற்றிவிட்டு வெளியே வந்து, கூண்டுக் கதவைச் சாத்திவிட்டுப் பேனல் பக்கம் திரும்பினால், லைன் ஆட்கள் ஏழெட்டுப் பேர் பொன்னாடையும் மாலையுமாக நிற்கிறார்கள். எங்கள் லைனில் கல்யாணமோ, பிள்ளைப்பேறோ, பணி ஓய்வோ, எதுவானாலும் பொன்னாடை போர்த்தாமல் விடமாட்டார்கள். குடும்பத்தோடு ஐரோப்பா சுற்றிப் பார்க்கப் போகும் முதல் ஆள் என்று எனக்கும் போர்த்திவிட்டார்கள்.

"அண்ணே, வெள்ளக்காரன் ஊர்ல எதுனா தொறந்து கெடந்தா பூட்டிட்டு வந்துறாதீங்கண்ணே" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படியே ஊர்வலமாகக் கேட் வரை கொண்டுபோய் விட்டார்கள். மாலையை வண்டி ஹாண்டிலில் மாட்டிக்கொண்டு, பொன்னாடையோடு வடக்குப்பட்டில் வீடு வரை ஓட்டிப்போனேன். வழியில் இரண்டு பேர் எந்தக் கட்சி என்று கேட்டார்கள். அந்தக் குஷியில் பூட்டாவது ஒன்றாவது.

மறதி யாருக்கும் வரும். யாருக்கும் வரும் என்று நான் சொல்ல முடியாது என்பதுதான் பிரச்சினை. தொழிற்சாலையில் பூட்டு வகுப்பு எடுப்பவனே நான்தான். புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும், பூட்டை மறந்துவிட்டுப் போனால் பதினைந்து நாள் சஸ்பென்ஷன், அடுத்தவன் பூட்டை மேலாளர் கையெழுத்து இல்லாமல் வெட்டினால் வேலையே போய்விடும் என்று மேசையைத் தட்டிச் சொல்பவன். சொன்னதோடு நிற்கவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒருத்தனைப் பிடித்தும் கொடுத்தேன்.

அவன் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். முப்பது வயது இருக்கும். மனைவியோடு சிங்கப்பெருமாள் கோவிலில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தான். ஒரு நாள் மனைவி மயங்கி விழுந்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்து, போட்டது போட்டபடி ஷேர் ஆட்டோ பிடித்து ஓடிவிட்டான். பூட்டு பேனலில் தொங்கியது. நான்தான் பார்த்தேன். போட்டோ எடுத்தேன், படிவம் எழுதினேன், கொடுத்தேன். அன்று மாலையே அவன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, அவ மாசமா இருக்கான்னு டாக்டர் சொல்லுதாவ. இந்த ஒரு தடவ விட்டுருங்க. இனிமே நடக்காது."

"நாளைக்கு ஒருத்தன் கை பூட்ச்சின்னா யார்பா பதில் சொல்றது? ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடித்திருந்தது. அவன் தலையாட்டிவிட்டுப் போனான். பதினைந்து நாள் கழித்து வேலைக்கு வந்தவன், முன்பு எப்படி வணக்கம் சொன்னானோ அப்படியேதான் சொன்னான்.

ஆக வியன்னாவில் இறங்கிய நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மேலாளரைக் கூப்பிட்டு, பூட்டை மறந்து வந்துவிட்டேன், நான் உள்ளே இல்லை, கையெழுத்துப் போட்டு வெட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். அந்தக் கூண்டு திங்கள் மதியம் இரண்டாவது ஷிப்டில்தான் ஓடும். நேரம் இருந்தது. போனும் கையில் இருந்தது. வாடகைக்கு எடுத்த வீட்டுக்கு வந்து, பெட்டிகளை இறக்கி, கால் கழுவி, புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்தபோது, சாப்பிட்டதும் கூப்பிடலாம் என்று நினைத்தேன். சாப்பிட்டதும், வெளியே போகும்போது கூப்பிடலாம் என்று நினைத்தேன்.

வெளியே ஞாயிற்றுக்கிழமை. ஒரு கடை திறந்திருக்கவில்லை. கர்ஃப்யூ போட்டது மாதிரி இருந்தது ஊர். பெரிய தேவாலயத்தின் கூரையில் வண்ண ஓடுகளைக் கோலம் போட்டதுபோல அடுக்கியிருந்தார்கள். குதிரை வண்டிகள் வரிசையாக நின்றன. மகள் குதிரையோடு ஒன்று, வண்டியோடு ஒன்று, வண்டிக்காரரின் தொப்பியோடு ஒன்று என்று எடுத்துத் தள்ளினாள். மனைவிக்கு ஒரே ஆச்சரியம், "இம்மாம் பெரிய ஊர்ல ஒரு ஹாரன் சத்தம் கேக்குதா பாருங்க" என்று. மூன்று வருடமாக அவள் போட்ட திட்டம் இது. அவள் ஸ்ரீபெரும்புதூரில் போன் அசெம்பிளி லைனில் வேலை செய்கிறாள். இரண்டு கம்பெனி லீவையும் மகளின் பரீட்சையையும் ஒரே நேர்க்கோட்டில் கொண்டுவந்து நிறுத்த அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். நான் அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டே, ஒரகடத்தில் இப்போது மணி என்ன என்று மூன்றரை மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

ஏன் கூப்பிடவில்லை? பயம்தான். வேறு பெயர் வைத்து ஏமாற்ற விரும்பவில்லை. சஸ்பென்ஷன் பெரிதல்ல. பொன்னாடை போர்த்தியவர்கள் முன்னால் போய் நிற்க வேண்டுமே என்ற பயம். நான் பிடித்துக்கொடுத்த அவன் முன்னால் நிற்க வேண்டுமே என்ற பயம் அதைவிடப் பெரிது. நாளை காலையில் கூப்பிடலாம் என்று படுத்தேன். காலையில் குளித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று எழுந்தேன்.

திங்கள் காலை ராட்டினத்துக்குப் போனோம். ராட்டினம் என்றால் நம் திருவிழா ராட்டினம் இல்லை. நூறு வருடத்துக்கு மேல் பழைய இரும்புச் சக்கரம். தொட்டிலுக்குப் பதிலாகச் சிவப்புச் சாயம் பூசிய மர அறைகள், குட்டி ரயில் பெட்டி மாதிரி. பதினைந்து பேர் வரை ஏற்றி, வெளியே கதவைத் தாழ் போடுகிறார்கள். ஆள் ஏற்ற இறக்க நின்று நின்றுதான் சுற்றுகிறது. எங்கள் அறை உச்சிக்குப் போய் நின்றபோது என் போன் அடித்தது. ஊர் முழுக்கக் கீழே விரிந்து கிடந்தது. மகள், "அப்பா, ஆறு! அப்பா, ஆறு பாரு!" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். திரையில் அவன் பெயர் இருந்தது, என்னால் சஸ்பெண்ட் ஆனவனின் பெயர்.

"அண்ணாச்சி, நல்லபடியா போய்ச் சேந்தாச்சா? பிள்ளைக்கு குளிரு ஒத்துக்கிடுதா?"

"சொல்லுபா. இன்னா விஷயம்?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. கூண்டு பேனல்ல ஒங்க பூட்டு தொங்கிச்சு. நாந்தான் மொதல்ல பாத்தேன். வேற யாரும் பாக்கதுக்குள்ள வெட்டிட்டேன். அட்டையும் எம் பையிலதான் இருக்கு. லைன் ஓடுது. இத மனசுல வச்சிக்கிடாதீங்க, நல்லா சுத்திப் பாத்துட்டு வாங்க. யாருக்கும் தெரியாது."

இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. நன்றி என்று சொல்லவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"யாரைக் கேட்டு வெட்னே? கையெழுத்து வாங்கினியா? அடுத்தவன் பூட்டை வெட்னா இன்னா ஆவும்னு தெரியுமா தெரியாதா உனுக்கு?"

கத்தியேவிட்டேன். அறையில் இருந்த வெள்ளைக்காரர்கள் எல்லாரும் ஆற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். மகள் சட்டையை விட்டாள்.

"தெரியும் அண்ணாச்சி. நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க" என்றான். அதில் குத்தல் எதுவும் இல்லை. பிள்ளை ஆசிரியரிடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னான். பிறகு சூப்பர்வைசர் கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டான்.

கீழே இறங்கிவிடலாம் என்றால் முடியாது. சக்கரம் நகர்ந்து, நின்று, நகர்ந்து, மறுபடி நின்றது. அந்தப் பத்து நிமிடத்தில்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. நேற்று நான் வாயைத் திறந்திருந்தால் என்னோடு முடிந்திருக்கும். இப்போது திறந்தால், பூட்டை வெட்டியது யார் என்ற கேள்வி வரும். அவன் மனைவிக்கு இது எட்டாவது மாதம். ஏற்கெனவே ஒரு சஸ்பென்ஷன் இருப்பவன். விசாரணைகூட வைக்கமாட்டார்கள், மறுநாளே கேட்டுக்கு வெளியே. நான் யோக்கியன் ஆவதற்கு அவன் வேலையைக் கொடுக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தாலோ, அவனைப் பதினைந்து நாள் வீட்டில் உட்காரவைத்த அதே தப்பைச் செய்துவிட்டு, அவன் தயவில் நான் பத்திரமாக இருக்க வேண்டும். பேனலுக்கு மேலே கேமரா இருக்கிறது. யாராவது கேட்டால்தான் அதைப் போட்டுப் பார்ப்பார்கள். கேட்கிற பழக்கம் தொழிற்சாலையிலேயே எனக்குத்தான் உண்டு.

அதற்குப் பிறகு ஏழு நாள். அரண்மனை, அருங்காட்சியகம், அரண்மனை, பூங்கா, மறுபடி அரண்மனை. காதில் மாட்டிய கருவியில் எந்த ராணி எந்தக் கட்டிலில் படுத்தாள் என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே வந்தது. எந்த ராணி என்று இப்போது கேட்டால் தெரியாது. அவனைத் திரும்பக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை நன்றாகப் பேசலாம் என்று போனை எடுப்பேன். என்ன பேசுவது? நீ செய்தது சரி என்றால் நான் எடுத்த வகுப்பெல்லாம் பொய். தப்பு என்றால் நான் மனிதனே இல்லை. போனைப் பையில் போட்டுக்கொள்வேன். மகள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், படம் எடுக்க என்னைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். அது எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சிரிப்பு வரவில்லை.

நான்காம் நாள், மஞ்சள் நிற அரண்மனைக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, மனைவி பையைக் கீழே வைத்தாள்.

"ராட்டினத்துல கத்துனீங்களே, அதுலேந்து பாக்கறேன். வெளியூர் வந்தும் கம்பெனிலதான் கீறீங்க. இன்னா ஆச்சு? சொல்லுங்க. இல்லாங்காட்டி நானும் பொண்ணும் தனியா சுத்திக்கிறோம்."

சொன்னேன். சாவியைக்கூட எடுத்துக் காட்டினேன். அவள் லைனில் வேலை செய்பவள், எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கேட்டு முடித்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, மூடியைத் திருகினாள்.

"அன்னிக்கி வாசல்ல வந்து நின்னானே, அந்தப் பையனா?"

"ஆமா."

"உள்ள வாபான்னு ஒரு வார்த்தை சொல்லல நீங்க. நான் டீ போட எழுந்தேன், அதுக்குள்ள அனுப்பிட்டீங்க." கொஞ்சம் பொறுத்து, "இப்போ வாயைத் தொறந்தீங்கன்னா அவன் வேலை பூடும். தொறக்கலன்னா உங்களுக்குத் தூக்கம் வராது. தூக்கம் வராதது நமக்குப் புதுசா? ஷிப்டுக்குப் போறவங்கதானே. வராங்காட்டி போவட்டும்" என்றாள்.

அவள் தீர்ப்பு சரிதான். ஆனால் அது என்னை விடுவிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, உள்ளேயே இரு என்று சொன்னதுபோல இருந்தது.

திரும்பி வந்து முதல் நாள் வேலைக்குப் போனேன். இரண்டு கிலோ சாக்லெட். லைன் முழுக்கக் கொடுத்தேன். எல்லாரும் பனி பெய்ததா, வெள்ளைக்காரிகள் எப்படி என்று கேட்டார்கள். எதையோ சொல்லி வைத்தேன். அவனுக்கு மட்டும் தனியாக ஒரு டப்பா எடுத்து வைத்திருந்தேன். பிறகு அதைக் கொடுப்பதே லஞ்சம் மாதிரி இருக்குமோ என்று தோன்றி, எல்லாருக்கும் கொடுத்த அதே சாக்லெட்டைக் கொடுத்தேன். டீ இடைவேளையில் கம்ப்ரஸர் அறைக்குப் பின்னால் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வெட்னப்போ யாருனா பாத்தாங்களாபா?"

"யாரும் பாக்கல அண்ணாச்சி. லைன் ஆரம்பிக்கத்தான் பத்து நிமிசம் பிந்திட்டு. சூப்பர்வைசர் சத்தம் போட்டாரு. சென்சார் மக்கர் பண்ணுதுன்னு சமாளிச்சேன்."

"ஒரு பூட்டை வெட்ட பத்து நிமிஷமா?"

"வெட்ட ஒரு நிமிசந்தான். உள்ள போய் தேடிட்டு வர நேரமாயிட்டு."

"உள்ள இன்னாத்தைத் தேடுனே?"

"ஒங்களத்தான்."

எனக்குப் புரியவில்லை. "நான்தான் ஊர்லயே இல்லியே. மாலை போட்டு அனுப்பினதே நீங்கதானே?"

"தெரியும் அண்ணாச்சி. இருந்தாலும் ஒங்க படம் தொங்குதுல்லா. ரெண்டு ரோபோவுக்கும் பின்னால, அடியில குழி, மூலையெல்லாம் டார்ச் அடிச்சுப் பாத்தேன். அண்ணாச்சி, அண்ணாச்சின்னு கூப்பிட்டும் பாத்தேன். பொறவுதான் வெட்டுனேன்."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். என் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. ஆள் இல்லாமல் தொங்கும் பூட்டைப் பார்த்தால் எழுத வேண்டிய படிவத்தில் முதல் வரி, 'கூண்டுக்குள் சென்று ஆள் இல்லை என்பதை நேரில் பார்த்தேன்' என்பது. அவனுடைய பூட்டுக்கு நான் எழுதிய படிவத்தில் அந்த வரிக்கு டிக் போட்டிருந்தேன். பார்க்காமல் டிக் போட்டாலும் அதே பதினைந்து நாள்தான். நான் உள்ளே போகவில்லை. எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவன் அங்கே மயங்கிக் கிடந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒருத்தன் மாட்டிக்கொண்டான் என்று மட்டும்தான் தோன்றியது. இதை இவ்வளவு நாளும் நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்போது சொன்னேன்.

"உன் பூட்டு தொங்குனப்போ நான் உள்ள பாக்கலபா. பாத்தேன்னு டிக் போட்டுட்டேன்."

"தெரியும் அண்ணாச்சி" என்றான் அவன். "விசாரணையில ஒங்க படிவத்த வாசிச்சாவ, கேமராவையும் போட்டுக் காட்டுனாவ. வந்தீய, போட்டோ எடுத்தீய, போயிட்டீய."

"அங்கயே சொல்லியிருக்கலாமேபா. ஏன் சொல்லல?"

"சொன்னா ஒங்களுக்கும்லா பதினஞ்சு நாளு போயிருக்கும்" என்றான்.

பெல் அடித்தது. அவன் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு லைனுக்குப் போனான்.